'முழுமையான, இறுதித் தீர்வு' என்று கையெழுத்திட்ட பிறகு: சமரசப் பத்திரத்தை நீதிமன்றம் எப்படிப் படிக்கிறது?

ஒரு தோட்டம் கைமாறுகிறது. இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்த தொழிலாளியை அலுவலகத்துக்கு அழைத்து, காசோலையையும் இரண்டு பக்கத் தாளையும் மேசைமேல் வைக்கிறார்கள். தாள் மலாயில் இருக்கிறது. கடைசிப் பத்தியில் 'பெஞெலெசையான் பெனுஹ் டான் முக்தமாட்', அதாவது 'முழுமையான, இறுதித் தீர்வு' என்று ஒரு வரி. காசோலை வேண்டுமென்றால் கையெழுத்துப் போட வேண்டும். போடுகிறார். ஓராண்டு கழித்து, விடுப்புச் சம்பளம் கணக்கில் விடுபட்டிருப்பது தெரிய வருகிறது. கேட்கப் போனால், "அதான் எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களே" என்கிறார்கள்.

இது கற்பனையான சூழ்நிலைதான். ஆனால் இதைப் படிக்கும் பலருக்கு, இதுபோன்ற ஒரு தாள் அலமாரியிலோ பழைய பிஸ்கட் டின்னிலோ இருக்கக்கூடும். வேலை இழப்பு, சாலை விபத்து இழப்பீடு, அப்பா விட்டுச் சென்ற வீட்டைப் பிரித்துக்கொள்வது, கூட்டு வியாபாரத்தை முடித்துக்கொள்வது என எதுவாக இருந்தாலும், வழக்குக்குப் போகாமல் பேசி முடித்ததை எழுத்தில் வைக்கும் ஆவணமே சமரசப் பத்திரம். பேச்சு வழக்கில் 'செட்டல்மெண்ட் பேப்பர்' என்போம்.

சண்டையை முடிப்பதற்காக எழுதப்படும் இந்தப் பத்திரமே சில வேளைகளில் அடுத்த சண்டைக்குக் காரணமாகிவிடுகிறது. 'எல்லாக் கோரிக்கைகளும்' என்றால் எவை? 'வீடு' என்றால் நிலமும் சேர்த்தா? 'பிள்ளைகள்' என்றால் மகள்களும் உண்டா? இப்படிக் கேள்வி எழும்போது நீதிபதி அந்த வாசகத்தை எப்படிப் படிப்பார் என்பதை ஓரளவு தெரிந்து வைத்திருப்பது, கையெழுத்திடுவதற்கு முன்பும் பின்பும் நமக்கு உதவும்.

நீதிமன்றம் கேட்கும் முதல் கேள்வி

"நான் அந்த அர்த்தத்தில் கையெழுத்துப் போடவில்லை" என்பதுதான் பெரும்பாலோர் முதலில் சொல்வது. அது மட்டும் நீதிமன்றத்தில் போதாது. இரு தரப்பின் மனத்துக்குள்ளும் புகுந்து பார்க்க நீதிபதியால் முடியாது. ஆகவே அவர் வேறொரு கேள்வியைக் கேட்கிறார்: இந்தப் பத்திரம் எழுதப்பட்ட நாளில், இரு தரப்புக்கும் தெரிந்திருந்த சூழ்நிலையை அறிந்த ஒரு நியாயமான மனிதர், இந்தச் சொற்களை எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்?

இந்தக் கேள்வியில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று சொற்கள். மற்றொன்று பின்னணி. வெறும் அகராதிப் பொருளை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்வதில்லை. அதேபோல், சொற்களை ஓரத்தில் தள்ளிவிட்டு, எது நியாயமாகத் தோன்றுகிறதோ அதைப் பத்திரத்துக்குள் ஏற்றுவதும் இல்லை. பத்திரத்தின் நான்கு ஓரங்களுக்குள் மட்டும் அடைபட்டிருக்கத் தேவையில்லை, அது பிறந்த பின்னணியையும் பார்க்கலாம் என்ற அணுகுமுறையை நமது கூட்டரசு நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2010இல் சட்ட ஏடுகளில் வெளிவந்த பெர்ஜெயா டைம்ஸ் ஸ்குவேர் வழக்குத் தீர்ப்பை வழக்கறிஞர்கள் இதற்கு எடுத்துக்காட்டுவார்கள்.

பின்னணி என்பதில் எல்லாமும் சேராது. கையெழுத்திட்ட நாளில் இரு தரப்புக்கும் தெரிந்திருந்த, அல்லது தெரிந்திருக்கக்கூடிய விஷயங்களே சேரும். ஒருவர் மட்டும் மனத்தில் வைத்திருந்த எண்ணம் சேராது. பிறகு நடந்தவற்றை வைத்துப் பழைய சொல்லுக்குப் புதுப் பொருள் கொடுப்பதும் பொதுவாக ஏற்கப்படுவதில்லை.

ஒரு வங்கி ஊழியர்களின் கதை

'எல்லாக் கோரிக்கைகளும்' என்ற சொல் எதுவரை நீளும் என்பதற்கு, உலகம் முழுவதும் எடுத்துக்காட்டப்படும் வழக்கு ஒன்று உண்டு. பி.சி.சி.ஐ. என்ற அனைத்துலக வங்கி, 1990இல் பிரிட்டனில் தன் ஊழியர்கள் பலரை ஆட்குறைப்புச் செய்தது. அவர்களுக்குச் சேர வேண்டிய தொகையோடு கூடுதலாக ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கியது. இப்போது உள்ள அல்லது இருக்கக்கூடிய எந்த வகைக் கோரிக்கையாக இருந்தாலும் அனைத்துக்கும் இதுவே முழுமையான, இறுதித் தீர்வு என்பது அதன் சாரம்.

அடுத்த ஆண்டு, 1991 ஜூலையில் அந்த வங்கி மூடப்பட்டது. உள்ளே மிகப் பெரிய மோசடி நடந்திருந்தது அம்பலமானது. குற்றமே செய்யாத ஊழியர்கள், அந்த வங்கியில் வேலை செய்தவர்கள் என்ற பெயராலேயே வேறு இடங்களில் வேலை கிடைக்கவில்லை என்றார்கள். நேர்மையற்ற முறையில் தொழில் நடத்தி ஊழியரின் பெயரைக் கெடுத்த முதலாளி இழப்பீடு தரக்கூடும் என்று 1997இல் பிரிட்டனின் பிரபுக்கள் அவை, அன்றைய அந்நாட்டு உச்ச நீதிமன்றம், முதன்முறையாகச் சொன்னது. உடனே கேள்வி எழுந்தது: 1990இல் 'எல்லாம் முடிந்தது' என்று கையெழுத்திட்டவர்கள் இந்த இழப்பீட்டைக் கேட்கலாமா?

2001இல் அதே அவை, நான்குக்கு ஒன்று என்ற கணக்கில், கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. சொற்கள் மிக விரிவானவைதான். ஆனால் கையெழுத்திட்ட நாளில் வங்கியின் மோசடி ஊழியர்களுக்குத் தெரியாது. அப்படி ஓர் இழப்பீட்டு உரிமை உண்டு என்று சட்டமும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. தனக்கு இருப்பதே தெரியாத, தெரிந்திருக்கவும் வழியில்லாத உரிமையை ஒருவர் விட்டுக்கொடுத்தார் என்று சொல்ல வேண்டுமானால், பத்திரத்தின் மொழி அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவு. மாறுபட்ட ஒரே நீதிபதியான ஹொஃப்மன் பிரபு, பத்திர விளக்கத்தில் பின்னணியைப் பார்க்க வேண்டும் என்ற நவீன அணுகுமுறையை வகுத்தவர். அவரே, இந்தச் சொற்கள் எல்லாவற்றையும் அடக்கும் அளவுக்கு விரிந்தவை என்று கருதினார். ஒரே வரியைப் படித்த மூத்த நீதிபதிகளிடையே இவ்வளவு வேறுபாடு இருந்தது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

இந்த வழக்கிலிருந்து மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, 'முழுமையான, இறுதித் தீர்வு' என்ற வரி இருந்தாலே எல்லாக் கதவும் அடைபட்டது என்று பொருளில்லை. இரண்டாவது, இந்தத் தீர்ப்புக்குப் பின் பத்திரம் எழுதுபவர்கள் சுதாரித்துக்கொண்டார்கள். 'தெரிந்தவை, தெரியாதவை, இனி எழக்கூடியவை' என்றெல்லாம் சேர்த்து எழுதுகிறார்கள். அந்தச் சொற்கள் உங்கள் தாளில் இருந்தால், வலை அகலமாக வீசப்பட்டிருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். மூன்றாவது, சொல்லில் வெல்வதும் பணம் பெறுவதும் ஒன்றல்ல. வங்கியின் கெட்ட பெயரால்தான் தங்களுக்கு வேலை கிடைக்கவில்லை என்பதை நிரூபிக்க முயன்றபோது, சோதனை வழக்குகளாக எடுத்துக்கொள்ளப்பட்ட ஊழியர்களால் அதைச் செய்ய முடியவில்லை.

பிரிட்டிஷ் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால் பத்திர விளக்கத்தில் அவற்றின் வாதங்கள் இங்கே மதிக்கப்படுகின்றன, மேற்கோள் காட்டப்படுகின்றன.

சொல் தெளிவாக இருந்தால்?

'நியாயத்தைப் பார்த்து நீதிபதி மாற்றிக் கொடுத்துவிடுவார்' என்று நம்பிக் கையெழுத்திடக் கூடாது. அதற்கு ஓர் உதாரணம், வேல்ஸ் கடற்கரையில் உள்ள விடுமுறைக் குடில்கள் பற்றிய வழக்கு. அது குத்தகைப் பத்திரம். ஆனால் படிக்கும் முறை ஒன்றுதான். பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 90 பவுண்டு, அது ஒவ்வோர் ஆண்டும் கூட்டு வட்டி முறையில் 10 விழுக்காடு ஏறும் என்று அந்தப் பத்திரங்களில் எழுதியிருந்தது. குத்தகைக் காலம் முடியும் 2072ஆம் ஆண்டில் ஒரு குடிலுக்கான கட்டணம் 550,000 பவுண்டைத் தாண்டும். கேட்டாலே அபத்தமாக இருக்கிறது அல்லவா? இருந்தும் 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், எழுதியது எழுதியதுதான் என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. பின்னால் பார்க்கும்போது மோசமான பேரம் என்பதற்காகத் தெளிவான சொல்லை நீதிமன்றம் வளைக்காது.

வங்கி வழக்கையும் குடில் வழக்கையும் அருகருகே வைத்தால் எல்லை புரியும். பொதுவான, பரந்த சொல்லைச் சூழ்நிலை சுருக்கலாம். குறிப்பான, தெளிவான சொல்லை இரக்கம் மாற்றாது.

வாய்மொழியாகச் சொன்னது எடுபடுமா?

"மகளின் எஸ்.பி.எம். தேர்வு முடியும்வரை வீட்டில் இருந்துகொள்ளுங்கள் என்று மேனேஜர் வாயால் சொன்னாரே?" நம்மவர்கள் அதிகம் நம்புவதும் ஏமாறுவதும் இந்த வாய்வார்த்தையில்தான்.

நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 91, 92ஆம் பிரிவுகள் இதைப் பேசுகின்றன. ஓர் உடன்பாடு எழுத்தில் வந்துவிட்டால், அதன் நிபந்தனைகளுக்கு அந்தப் பத்திரமே சாட்சி. அதற்கு முரணாகவோ, அதை மாற்றியோ, அதில் கூட்டியோ குறைத்தோ வாய்மொழிச் சாட்சியம் சொல்ல முடியாது என்பது பொது விதி. ஆனால் 92ஆம் பிரிவு சில விலக்குகளையும் வைத்திருக்கிறது. மோசடி, மிரட்டல், தவறு போன்றவற்றால் பத்திரமே செல்லாது என்று காட்ட வாய்மொழிச் சாட்சியம் அனுமதிக்கப்படும். பத்திரம் எதுவும் சொல்லாத ஒரு விஷயத்தில், அதன் நிபந்தனைகளோடு மோதாத தனி வாய்மொழி உடன்பாடு இருந்தால் அதையும் காட்டலாம். பத்திரத்தின் சொற்கள் நடைமுறையில் எதைக் குறிக்கின்றன என்று காட்டும் உண்மைகளையும் முன்வைக்கலாம். மேற்சொன்ன பின்னணிக்கு நம் சட்டத்தில் வழி திறப்பது இந்தக் கடைசி விலக்குதான்.

இதில் நம் நாட்டுத் தீர்ப்பு ஒன்று முக்கியமானது. 1980இல் வெளிவந்த தான் சுவீ ஹோ - அலி ஹுசேன் சகோதரர்கள் வழக்கில், 'டீ மணி' என்று 14,000 வெள்ளி கொடுத்தால் விரும்பும் காலம்வரை கடையில் இருக்கலாம் என்று வாடகைதாரரிடம் வாய்மொழியாக வாக்களிக்கப்பட்டிருந்தது. எழுத்து ஒப்பந்தத்தில் அது இல்லை. அந்த வாக்கை நம்பித்தான் வாடகைதாரர் ஒப்பந்தத்தில் இறங்கினார் என்பதால், எழுத்தோடு மோதினாலும் அந்த வாக்கு கட்டுப்படுத்தும் என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதைப் படித்துவிட்டு நிம்மதி அடைந்துவிட வேண்டாம். வாய்வார்த்தை சொல்லப்பட்டது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. சொன்னவர் மறுப்பார், மாற்றலாகிப் போயிருப்பார், அல்லது இறந்திருப்பார். 'இந்தப் பத்திரத்தில் உள்ளதே முழு உடன்பாடு. வேறு எந்த வாக்குறுதியும் இல்லை' என்ற வரியும் பத்திரத்தில் இருந்தால், பாதை இன்னும் குறுகும்.

பேச்சுவார்த்தையின்போது எழுதிய கடிதங்கள் என்னாகும்? சமரசம் பேசும்போது சொன்னவற்றைப் பின்னர் ஒருவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்பது பொது விதி. அதனால்தான் அக்கடிதங்களின் தலையில் 'உரிமைக்குப் பாதகமின்றி' என்று எழுதுகிறார்கள். சமரசம் ஏற்பட்டதா இல்லையா என்பதே தகராறானால் அக்கடிதங்களைப் பார்க்கலாம். ஏற்பட்ட சமரசத்தின் பொருள் என்ன என்று விளக்க, அந்தப் பேச்சில் பரிமாறப்பட்ட உண்மைத் தகவல்களையும் பார்க்கலாம் என்று 2010இல் ஒரு கப்பல் நிறுவன வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே பழைய கடிதங்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள்.

சிங்கப்பூரில் உள்ள உறவினர்களுக்கும் இது பொருந்தும். அங்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்த சாட்சியச் சட்டம்தான். 2008இல் சூரிச் காப்புறுதி வழக்கில் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம், வெளிச் சாட்சியத்தைப் பயன்படுத்த மூன்று அளவுகோல்களை வைத்தது. அது விவகாரத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும், எல்லாத் தரப்புக்கும் கிடைத்திருக்கக்கூடியதாக இருக்க வேண்டும், தெளிவான பின்னணியைக் காட்ட வேண்டும்.

நீதிபதி பயன்படுத்தும் சில கருவிகள்

முழுப் பத்திரத்தையும் சேர்த்துப் படிப்பது முதல் கருவி. ஒரு வரியைப் பிடுங்கித் தனியாக வைத்து வாதாட முடியாது. மூன்றாம் பத்தியில் உள்ள சொல்லுக்கு முதல் பத்தியில் விடை இருக்கலாம்.

பொதுவான சொல்லும் குறிப்பான சொல்லும் மோதினால் குறிப்பானது மேலோங்கும். 'ஊதியப் பாக்கி, நோட்டீஸ் சம்பளம் மற்றும் பிற தொகைகள்' என்று எழுதியிருந்தால், 'பிற தொகைகள்' என்பதும் அதே இனத்தைச் சேர்ந்த தொகைகளையே குறிக்கும் என்று வாதிட இடமுண்டு. வேலையிடத்தில் பட்ட காயத்துக்கான இழப்பீட்டை அதற்குள் அடைப்பது கடினம்.

அச்சடித்த படிவத்தில் பேனாவால் எழுதிச் சேர்த்த வரி இருந்தால், மோதல் வரும்போது கையால் எழுதியதற்கு மதிப்பு அதிகம். இரு தரப்பும் உண்மையில் யோசித்து எழுதியது அதுதான் என்பதே காரணம். தொகை எண்ணிலும் எழுத்திலும் வெவ்வேறாக இருந்தால், பொதுவாக எழுத்தில் உள்ளதே எடுத்துக்கொள்ளப்படும்.

வேறு எந்த வழியிலும் ஐயம் தீராவிட்டால், பத்திரத்தைத் தயாரித்த தரப்புக்கு எதிரான பொருளை நீதிமன்றம் எடுக்கலாம். கம்பெனி தயாரித்த தாளில் தொழிலாளி கையெழுத்து மட்டும் போட்டிருந்தால் இது உதவும். ஆனால் இது கடைசிக் கருவி. சொல் தெளிவாக இருக்கும்போது இதை எடுக்க மாட்டார்கள்.

பணம் கொடுக்காமல் இழுத்தடித்தால் என்ன ஆகும் என்பதும் வாசகத்தைப் பொறுத்தது. '15,000 வெள்ளி கொடுப்பதாக வாக்களித்ததை ஏற்று' கோரிக்கையைக் கைவிடுவதாக எழுதியிருந்தால், பழைய கோரிக்கை அப்போதே முடிந்தது. இனி அந்த 15,000 வெள்ளிக்கு மட்டுமே வழக்குப் போடலாம். '15,000 வெள்ளி முழுமையாகக் கிடைத்ததும்' கைவிடுவதாக எழுதியிருந்தால், பணம் வராதவரை பழைய கோரிக்கை உயிரோடு இருக்கும். ஒரே ஒரு சொல்லின் வேறுபாடு இது.

குடும்பப் பத்திரங்களில் வரும் சிக்கல்

குடும்பத்தில் எழுதும் பத்திரங்களில் சிக்கல் வேறு விதமாக வருகிறது. அங்கே யாரும் ஏமாற்ற நினைப்பதில்லை. 'நமக்குள் என்ன' என்ற நம்பிக்கையில் சொற்களைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இப்படி ஒரு பத்திரத்தை எண்ணிப் பாருங்கள். அப்பா இறந்துவிட்டார். கிள்ளானில் ஒரு தரை வீடு. இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். 'அம்மா உயிரோடு இருக்கும்வரை மூத்த மகன் வீட்டைப் பார்த்துக்கொள்வார். அதன்பின் வீடு பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிக்கப்படும்.' நால்வரும் கையெழுத்திட்டார்கள். பத்து ஆண்டுகள் கழித்து அம்மாவும் போய்விட்டார். இப்போது மூத்தவர், 'பிள்ளைகள் என்றால் என் பிள்ளைகள். அந்த வரி என்னைப் பற்றித்தானே பேசுகிறது' என்கிறார். தம்பியோ, 'நம் வீட்டில் பிள்ளைகள் என்றால் ஆண் பிள்ளைகள்தான். அக்காமார்கள் கல்யாணத்தில் வாங்கிக்கொண்டார்கள்' என்கிறார். மகள்கள், 'அப்பாவின் பிள்ளைகள் நாங்கள் நால்வரும்' என்கிறார்கள்.

நீதிபதி முதலில் பத்திரத்தின் தொடக்கத்தைப் பார்ப்பார். 'இறந்தவரின் பிள்ளைகளாகிய கீழ்க்கண்ட நால்வரும்' என்று அங்கே எழுதியிருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. ஒரே பத்திரத்தில் ஒரே சொல் இரண்டு இடத்தில் வந்தால் ஒரே பொருள்தான் என்று கொள்வது இயல்பு. மகள்களுக்குப் பங்கே இல்லையென்றால் அவர்களிடம் ஏன் கையெழுத்து வாங்கினார்கள் என்ற கேள்வியும் வரும். 'பார்த்துக்கொள்வார்' என்ற சொல் பொறுப்பைத்தான் தருகிறது, உரிமையைத் தருவதில்லை என்றும் பார்ப்பார். மகள்கள் வெல்ல வாய்ப்பு அதிகம். ஆனால் 'பிள்ளைகள்' என்பதற்குப் பதில் நான்கு பெயர்களையும் அடையாள அட்டை எண்களையும் எழுதியிருந்தால் வழக்கே தேவைப்பட்டிருக்காது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தீபகற்ப மலேசியாவில் தேசிய நிலச் சட்டத்தின்படி, நிலத்தின் பெயர் மாற நில அலுவலகத்தில் உரிய படிவத்தில் பதிவு செய்ய வேண்டும். குடும்பப் பத்திரம் கையெழுத்தானதும் கிராண்டில் பெயர் தானாக மாறிவிடாது. பத்திரம் ஒப்பந்தமாகச் செல்லும், அதை வைத்து வழக்கும் போடலாம். ஆனால் அதற்குள் பெயரில் உள்ளவர் விற்றுவிட்டால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

கையெழுத்தைத் திரும்பப் பெற முடியுமா?

"எனக்கு அந்த மொழி தெரியாது", "படிக்காமல் போட்டுவிட்டேன்" என்ற வாதங்களுக்கு நீதிமன்றத்தில் வலு குறைவு. 1970இல் பிரிட்டனில் முடிவான ஒரு வழக்கு மனத்தைத் தைக்கும். 78 வயது விதவை ஒருவர், மூக்குக் கண்ணாடி உடைந்திருந்ததால் படிக்காமல், தன் உறவுப் பையனுக்கு வீட்டைத் தானமாக எழுதுகிறோம் என்று நம்பிக் கையெழுத்திட்டார். உண்மையில் அது, அந்தப் பையனின் நண்பருக்கு வீட்டை விற்றதாக எழுதிய பத்திரம். அந்த நண்பர் அதை அடமானம் வைத்துக் கடன் வாங்கிவிட்டார். கடன் கொடுத்த சங்கத்துக்கு எதிராக அந்த மூதாட்டியின் தரப்பு தோற்றது. படிக்க முடியாதவரும் தன்னால் இயன்ற எச்சரிக்கையைக் காட்டியிருக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் நிலை.

அதற்காக வழியே இல்லை என்று பொருளில்லை. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, மிரட்டல், தகாத செல்வாக்கு, மோசடி, பொய்த் தகவல் ஆகியவற்றால் பெற்ற சம்மதத்தை, பாதிக்கப்பட்டவர் ரத்து செய்யக் கோரலாம். இரு தரப்பும் ஒன்றைப் பேசி, தட்டச்சில் வேறொன்று வந்துவிட்டிருந்தால், பத்திரத்தைத் திருத்தித் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். சமரசம் நீதிபதி முன்னிலையில் பதிவாகித் தீர்ப்பாக மாறியிருந்தாலும், ஒப்பந்தத்தை ரத்து செய்யப் போதுமான அதே காரணங்கள் இருந்தால் மட்டுமே அதைக் கலைக்க முடியும். மனம் மாறிவிட்டது என்பது காரணமாகாது.

பத்திரத்தால் தொட முடியாதவை

தொழிலாளர்கள் கட்டாயம் அறிய வேண்டிய பகுதி இது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி, அந்தச் சட்டம் தரும் பலனைவிடக் குறைவான நிபந்தனை செல்லாது. 1980ஆம் ஆண்டு பணிநீக்கப் பலன் விதிமுறைகளின்படி, குறைந்தது ஓராண்டு சேவை செய்த தொழிலாளிக்கு, இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவையென்றால் ஆண்டுக்குப் 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 15 நாள், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள் என்பது குறைந்தபட்சக் கணக்கு. 22 ஆண்டு சேவை என்றால் 440 நாள் சம்பளம். அதற்குக் குறைவாகக் கொடுத்துவிட்டு 'முழுமையான தீர்வு' என்று எழுதினால், அந்த வரியைக் கேள்வி கேட்க உங்களுக்கு இடமுண்டு. சேமநிதிச் சந்தாவும் அப்படியே. அது சட்டம் முதலாளிக்கு விதித்த கடமை. உங்கள் கையெழுத்தால் அது அழியாது.

உண்மையிலேயே தகராறில் இருந்த தொகையை இரு தரப்பும் பேசிக் குறைத்துக்கொள்வது வேறு விஷயம். அத்தகைய சமரசத்தை நீதிமன்றம் மதிக்கும்.

காரணமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்டதாகக் கருதினால், நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனுச் செய்ய வேண்டும். தொழிலியல் நீதிமன்றம் வெறும் சட்ட நுணுக்கத்தை விட நியாயத்தையும் விவகாரத்தின் உண்மைத் தன்மையையும் பார்க்கக் கடமைப்பட்டது. 'சுயவிருப்பத்தில் விலகினேன்' என்ற கடிதம் உண்மையில் சுயவிருப்பம்தானா என்று அங்கே ஆராய முடியும். ஆனால் 60 நாள் தவறினால் அந்தக் கதவு மூடிவிடும். ஒப்பந்தத்தை மீறியதற்கான சாதாரண வழக்குக்குத் தீபகற்பத்தில் ஆறு ஆண்டு வரம்பு.

பேனாவை எடுக்கும் முன்

முதலில், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். கொடுக்க மறுத்தால், மறுத்த நாளையும் மறுத்தவரையும் குறித்து வையுங்கள்.

மொழி புரியாவிட்டால், எதிர்த் தரப்பைச் சேராத ஒருவரிடம் வரிவரியாக விளக்கம் கேளுங்கள். தொழிற்சங்கம், தொழிலாளர் இலாகா, சட்ட உதவி இலாகா, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் ஆகியவை இதற்கு உள்ளன.

எந்தெந்தக் கோரிக்கைகள் முடிகின்றன என்று பட்டியல் போடச் சொல்லுங்கள். முடியாதவை எவை என்றும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். 'சேமநிதி, சொக்சோ, விபத்துக் கோரிக்கைகள் இதில் அடங்கா' என்று எழுதிவிட்டால், பின்னாளில் யாரும் பொருள் தேட வேண்டியதில்லை.

வாயால் கொடுத்த வாக்குறுதியைத் தாளின் ஓரத்திலாவது எழுதி, இரு தரப்பும் சுருக்கொப்பம் இடச் சொல்லுங்கள். அதுவும் முடியாவிட்டால், அன்றே 'நீங்கள் சொன்னபடி டிசம்பர் வரை வீட்டில் இருக்கிறோம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பி வையுங்கள். கையெழுத்திட்ட பத்திரத்தின் ஒரு பிரதி அன்றே உங்கள் கையில் இருக்க வேண்டும்.

முன்பே கையெழுத்திட்டு, இப்போது ஐயம் உள்ளவர்கள் அந்தத் தாளை இன்றே எடுத்துப் பாருங்கள். தேதி என்ன, எந்தக் கோரிக்கைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறது, 'தெரியாதவையும்' என்ற சொல் இருக்கிறதா, தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற நான்கையும் குறித்துக்கொண்டு, சம்பளச் சீட்டுகளோடு வழக்கறிஞரையோ சட்ட உதவி மையத்தையோ பாருங்கள். ஒவ்வொருவரின் பத்திரமும் வேறு என்பதால், இக்கட்டுரை அந்த ஆலோசனைக்கு மாற்றாகாது. ஆனால் அங்கே போய் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்பதாவது இப்போது தெரிந்திருக்கும்.